செவிலியர் பணிக்குப் பெயரிட்ட வரலாறு

செவிலியக் கலைச்சொல் தொகுதிகள் என்பவை, செவிலியர் நோயாளியிடம் கண்டறியும் சிக்கல்களையும், அவற்றுக்காகச் செய்யும் பணிகளையும், அப்பணிகளால் கிடைக்கும் பயன்களையும் எல்லா இடங்களிலும் ஒரே பெயராலும் ஒரே குறியீட்டாலும் பதிவதற்காக உருவாக்கப்பட்ட பட்டியல்கள். செவிலியத் தகவலியல் என்று இன்று அறியப்படும் துறைக்கு இவையே அடித்தளம். நோய்களுக்கான பன்னாட்டுப் பட்டியல் 1900-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. செவிலியர் பணிக்கு அப்படியொரு பட்டியலைத் தொடங்கவே மேலும் முக்கால் நூற்றாண்டு ஆனது. இடைப்பட்ட காலத்திலும் செவிலியர் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதியதை எண்ணுவதற்கு வழி இல்லாமல் இருந்தது.

கார்டெக்ஸ் அட்டையும் அறை வாடகையும்

பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவரின் குறிப்பில் நோயின் பெயரும் மருந்துகளும் இருக்கும். செவிலியர் பார்ப்பது வேறு. அவரால் விழுங்க முடிகிறதா, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் மனைவிக்கு அவரைத் தூக்கி உட்காரவைக்கத் தெரியுமா என்பவை அவருடைய கேள்விகள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது படுக்கைப்புண் வராமல் தடுக்கும் பழைய முறை. புண் வந்துவிட்டால் அது பதிவேட்டில் ஏறும். மருந்தும் கட்டும் செலவும் கணக்கில் வரும். வராமல் காத்துவிட்டால் பதிவேட்டில் ஒன்றுமே இராது. நன்றாகச் செய்யப்பட்ட செவிலியப் பணி பெரும்பாலும் இப்படித்தான் தடயமின்றிப் போய்விடுகிறது.

அமெரிக்க மருத்துவமனைகளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செவிலியரின் பராமரிப்புத் திட்டம் ‘கார்டெக்ஸ்’ எனப்பட்ட அட்டைகளில் பென்சிலால் எழுதப்பட்டது. நோயாளியின் நிலை மாறினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். பல மருத்துவமனைகளில் அது நிரந்தர ஆவணமாகக் கருதப்படவில்லை. நோயாளி வீடு திரும்பியதும் அட்டை குப்பைக்குப் போகும். மருத்துவரின் குறிப்புகளோ ஆவண அறைக்குப் போகும்.

பணக் கணக்கிலும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செவிலியர் பலர் தனி நோயாளிகளிடம் வேலை செய்து, கூலியை நேரடியாக அவர்களிடமே பெற்றனர். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த வேலை குறைந்து, அவர்கள் மருத்துவமனைகளின் சம்பளப் பணிக்கு மாறினர். அப்போது அவர்களுடைய ஊதியம் நோயாளியின் கட்டணச் சீட்டில் அறை வாடகைக்குள் போய்ச் சேர்ந்தது. எக்ஸ்ரேக்குத் தனி வரி, மருந்துக்குத் தனி வரி, அறுவை அரங்குக்குத் தனி வரி. செவிலியர் மட்டும் கட்டிலோடும் மின்விளக்கோடும் ஒரே வரியில் அடங்கினர். இந்தியத் தனியார் மருத்துவமனைச் சீட்டுகளில் ‘நர்சிங் சார்ஜ்’ என்று நாளொன்றுக்கு ஒரு தொகை வருவதும் ஏறக்குறைய இதே முறைதான். செவிலியர் அன்று என்ன செய்தார் என்பதை அந்த வரி சொல்வதில்லை.

நைட்டிங்கேலின் படிவங்கள்

மருத்துவமனைப் பதிவுகளை ஒரே சீராக்க வேண்டும் என்ற முயற்சியைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஒரு செவிலியரே. கிரீமியப் போரிலிருந்து திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பப்படி கணக்கு வைத்திருந்ததால் எதையும் எதனோடும் ஒப்பிட முடியவில்லை என்பதைக் கண்டார். புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் துணையோடு ஒரே மாதிரியான படிவங்களை அமைத்தார். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், குணமடைந்து சென்றவர்கள், இறந்தவர்கள், தங்கியிருந்த நாட்களின் சராசரி ஆகியவற்றை நோய்வாரியாக நிரப்ப வேண்டும். 1860-இல் லண்டனில் நடந்த பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில் இத்திட்டம் முன்வைக்கப்பட்டது. லண்டன் மருத்துவமனைகள் சில இதைப் பின்பற்றத் தொடங்கின, ஆனால் நீடிக்கவில்லை.

ஃபார் வகுத்த நோய்ப் பகுப்பு முறை வாழ்ந்தது. அதன் வழியில் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் 1893-இல் ஒரு பட்டியலை அளித்தார். அதுவே பன்னாட்டு நோய் வகைப்பாடாக வளர்ந்து 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. ஒரு செவிலியர் தூண்டிய முயற்சியில் நோய்க்கும் சாவுக்கும் பெயர்கள் கிடைத்தன. செவிலியர் செய்யும் வேலைக்கு அந்தப் படிவங்களில் ஒரு பத்தி கூட இல்லை. நைட்டிங்கேலுக்கும் இந்தக் குறை தெரிந்தேயிருந்தது. செவிலியம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில், வேறு நல்ல சொல் இல்லாததால்தான் அந்தச் சொல்லைக் கையாளுவதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

தமிழிலும் இத்தொழிலுக்கு இரவல் பெயர்தான். சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். அந்தச் சொல்லைத் தமிழ்நாடு எடுத்துச் ‘செவிலியர்’ ஆக்கியது. வளர்ப்புத் தாயைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘தாதி’, இலங்கையிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் நிலைத்தது.

நோயறிதல் என்ற சொல்லுக்கான சண்டை

செவிலியர் கண்டறிவதற்குப் பெயர் வைப்பதில் முதல் தடை சட்டத்திலிருந்து வந்தது. 1953-இல் வெரா ஃப்ரை என்ற அமெரிக்கச் செவிலியர், நோயாளியின் தேவைகளைச் செவிலியர் கண்டறிவதைச் ‘செவிலிய நோயறிதல்’ என்று எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1955-இல், அமெரிக்கச் செவிலியர் சங்கம் வெளியிட்ட தொழில் வரையறை, நோயறிதல் செவிலியர் பணியில் சேராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மருத்துவர்களின் எல்லைக்குள் கால்வைக்க யாரும் விரும்பவில்லை. அதன் பிறகும் கல்லூரிகளில் முயற்சி தொடர்ந்தது. ஃபே அப்தெல்லா 1960-இல் செவிலியம் எதிர்கொள்ளும் சிக்கல்களை 21 தலைப்புகளில் தொகுத்தார். 1972-இல் நியூயார்க் மாநிலச் சட்டம், உடல்நலச் சிக்கல்களுக்கு மனிதர் காட்டும் எதிர்வினைகளைக் கண்டறிவதும் கவனிப்பதும் செவிலியரின் தொழில் என்று ஏற்றது. நோய் மருத்துவருடையது, நோயை மனிதர் தாங்கும் விதம் செவிலியருடையது என்ற பிரிவினை அதில் உருவானது.

மறு ஆண்டு, 1973-இல், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் கெப்பியும் மேரி ஆன் லாவினும் ஒரு மாநாட்டைக் கூட்டினர். புறநோயாளர் சேவையில் செவிலியரின் பங்கு என்ன என்று வரையறுக்க முயன்றபோது, அதைச் சொல்வதற்கு வேண்டிய சொற்களே இல்லை என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அழைக்கப்பட்ட செவிலியர் குழுக்களாக உட்கார்ந்து, தங்கள் நோயாளிகளிடம் அன்றாடம் காணும் சிக்கல்களை நினைவிலிருந்து எழுதினர். விவாதித்து ஒப்புக்கொண்டவற்றை அகர வரிசையில் அடுக்கினர். கோட்பாடு எதுவும் முன்கூட்டி இல்லை. சகோதரி கலிஸ்டா ராய் முதலிய கோட்பாட்டாளர்கள் சில ஆண்டுகள் கழித்துத்தான் பட்டியலுக்கு ஒரு சட்டகம் தேடினர். இந்தக் கூட்டங்களிலிருந்து 1982-இல் வட அமெரிக்கச் செவிலிய நோயறிதல் சங்கம் பிறந்தது. ‘நாண்டா’ என்ற பெயரில் உலகெங்கும் செவிலியக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பட்டியல் அதனுடையது.

அந்தச் சொற்களைப் பார்த்து வார்டுகளில் சிரித்தவர்களும் உண்டு. மருத்துவச் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், ‘வலி’ என்று ஒரே சொல்லில் முடிய வேண்டியது தொடக்கப் பட்டியலில் ‘சுகநிலையில் மாற்றம்: வலி’ என்று ஆனது. படுக்கை அருகில் நிற்கும் செவிலியர் எவரும் அப்படிப் பேசுவதில்லை. 1994-இல் மனிதரின் ‘ஆற்றல் புலத்தில்’ ஏற்படும் குலைவும் ஒரு நோயறிதலாகச் சேர்க்கப்பட்டது. அளக்கவே முடியாத ஒன்றை அறிவியல் பட்டியலில் வைக்கலாமா என்ற கடும் கண்டனம் அதற்கு எழுந்தது, கண்டனம் நியாயமானதே. வாக்கெடுப்பால் வளரும் பட்டியலில் இப்படிப்பட்டவையும் நுழையும்.

ஒமாகா

செயின்ட் லூயிஸ் கூட்டம் புகழ்பெற்றது. அதே காலத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் நடந்த வேலையைப் பற்றி அவ்வளவு பேசப்படுவதில்லை; பயன்பாட்டுக்கு அதுவே நெருக்கமானது. அங்கிருந்த வருகைச் செவிலியர் சங்கத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்ப்பவர்கள். ஒவ்வொருவரும் கதைபோல எழுதிவந்த குறிப்புகளை அடுத்துச் செல்பவர் படித்துப் புரிந்துகொள்வது கடினமாக இருந்தது. 1975 முதல், டிலான் சிம்மன்ஸ் தலைமையிலும் பின்னர் கேரன் மார்ட்டின் முயற்சியிலும், அரசு நிதியுதவியோடு அந்தக் குறிப்புகளிலிருந்தே ஒரு சொற்தொகுதி எடுக்கப்பட்டது. களத்தில் இருந்த செவிலியர் அதைப் பயன்படுத்திப் பார்த்து, சரிப்படாததைத் திருத்தினர்.

ஒமாகா முறையில் இன்று 42 சிக்கல்கள் உள்ளன. சூழல், உளவியல்-சமூகம், உடலியங்கியல், உடல்நலம் சார்ந்த நடத்தை என நான்கு பிரிவுகள். சூழல் பிரிவின் முதல் சிக்கலே ‘வருமானம்’. அடுத்து வருவன துப்புரவு, குடியிருப்பு, அக்கம்பக்கத்தின் பாதுகாப்பு. நீரிழிவு மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் அதை வாங்கக் காசில்லாமை என்றால், அதைப் பதிவதற்கு மருத்துவப் பதிவேட்டில் அப்போது இடமே இல்லை. வீட்டுக்குள் போய்ப் பார்க்கும் செவிலியரின் பட்டியலில் இடம் இருந்தது. ஒவ்வொரு சிக்கலிலும் நோயாளியின் அறிவு, நடத்தை, நிலை ஆகிய மூன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடப்படும். முதல் வருகையில் இரண்டாக இருந்தது மூன்று மாதத்தில் நான்கானால், செவிலியரின் பணி என்ன செய்தது என்பது எண்ணில் தெரியும். இதன் இன்னொரு சிறப்பு, இதற்குப் பதிப்புரிமை இல்லை. யாரும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். நாண்டா பட்டியலை மென்பொருளில் சேர்க்க உரிமம் வாங்க வேண்டும்.

கணினியும் காப்பீடும்

கலிபோர்னியாவின் எல் கமீனோ மருத்துவமனையில் 1971-இல் டெக்னிகான் நிறுவனத்தின் தகவல் முறைமை நடைமுறைக்கு வந்தது. செவிலியர் திரையில் தெரியும் சொற்களை ஒளிப்பேனாவால் தொட்டுப் பதிவுசெய்தனர். கையால் எழுதும்போது எந்தச் சொல்லையும் எழுதலாம். திரையில் இருக்கும் சொல்லைத்தான் தொட முடியும். எனவே திரைக்கான சொற்களை யார் தேர்ந்தெடுப்பது என்பது முக்கியமான கேள்வியானது. செவிலியத் தகவலியல் என்ற பெயர், 1980-இல் டோக்கியோவில் நடந்த மருத்துவத் தகவலியல் மாநாட்டில் பிரிட்டனைச் சேர்ந்த மொரீன் ஸ்கோல்ஸும் பாரி பார்பரும் வழங்கியது.

அவசரத்தைக் கூட்டியது காப்பீடு. 1983-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம், நோயாளி எத்தனை நாள் தங்கினார் என்று பாராமல், நோய்வகைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுக்கத் தொடங்கியது. இந்த வகைப்பாட்டை யேல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவர் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும். தாம்ப்சன் செவிலியராகப் பயின்றவர். அவர் பங்கேற்ற அந்தக் கணக்கிலும் செவிலியர் உழைப்பு தனியாக ஏறவில்லை, ஏனென்றால் ஏற்றுவதற்குத் தரவு இல்லை. ஒரே நோய்வகையில் வரும் இரண்டு முதியவர்களுள் ஒருவர் தானே எழுந்து நடப்பவராகவும் மற்றவர் மூன்று வேளையும் ஊட்டிவிட வேண்டியவராகவும் இருக்கலாம். மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகை ஒன்றே. வரும் தொகை நிலையானதால் செலவைக் குறைக்கும் நெருக்கடி வந்தது. தனக்கென எண் இல்லாத உழைப்பு அப்போது எளிதான இலக்காகியது.

இதற்கு விடையாக ஹாரியட் வெர்லி 1985-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் ஒரு மாநாட்டை நடத்தினார். ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டாயம் பதிய வேண்டிய 16 விவரங்கள் அங்கே முடிவாகின. செவிலிய நோயறிதல், செய்த பணி, கிடைத்த பயன், பணியின் அடர்த்தி ஆகிய நான்கும் அவற்றுள் செவிலியத்துக்கே உரியவை. பிறகு பட்டியல்கள் பெருகின. வர்ஜீனியா சபா வீட்டுப் பராமரிப்புக்கான வகைப்பாட்டை உருவாக்கினார். அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோன் மெக்லாஸ்கியும் குளோரியா புலெச்செக்கும் 1992-இல் செவிலியப் பணிகளின் வகைப்பாட்டை 336 பணிகளோடு வெளியிட்டனர். 1997-இல் அங்கிருந்தே பயன்களின் வகைப்பாடும் வந்தது.

நகைச்சுவையை எண்ணலாமா

அயோவா பட்டியலில் ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் மட்டும் இல்லை. நோயாளியின் அருகில் இருத்தல், கவனித்துக் கேட்டல், நகைச்சுவை ஆகியவையும் தலைப்பும் வரையறையும் குறியீடும் கொண்ட பணிகளாக உள்ளன. ஜெஃப்ரி பௌக்கர், சூசன் லீ ஸ்டார் என்ற இரு ஆய்வாளர்கள் வகைப்பாடுகளைப் பற்றி 1999-இல் எழுதிய நூலில் இதற்குத் தனி இடம் தந்தனர். கண்ணுக்குத் தெரியாத வேலையைத் தெரியவைப்பது செவிலியருக்கு மதிப்பைத் தரும். அதே நேரத்தில் கண்காணிப்புக்கும் வழிவிடும் என்பது அவர்கள் வாதம். குறியீடு கிடைத்த வேலைக்கு நேரமும் குறிக்கப்படலாம். நேரம் குறித்தபின், குறைந்த சம்பளத்தில் வேறொருவரைக் கொண்டு அதைச் செய்யலாமே என்ற கேள்வி நிர்வாகத்திலிருந்து வரும். எல்லாவற்றையும் நுணுக்கமாக எழுதினால் அனுபவமுள்ள செவிலியரின் தீர்மானத்துக்கு இடம் குறையும். பட்டியலை உருவாக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எதையும் பெயரிடாமல் விட்டால் வேலை அறை வாடகைக்குள்ளேயே கிடக்கும் என்பதால் இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த விவாதம் அமெரிக்காவில் ஏட்டில் நடந்தபோது பெல்ஜியம் அதைச் செயலில் பார்த்துவிட்டது. 1988 முதல் அந்நாட்டின் பொது மருத்துவமனைகள் அனைத்தும் செவிலியத் தரவை அரசுக்குத் தருவது கட்டாயமானது. உடல் தூய்மை, நகர உதவுதல், உணவூட்டல், படுக்கைப்புண் தடுப்பு என 23 இனங்கள். ஆண்டு முழுவதும் எழுதச் சொல்லவில்லை. ஆண்டுக்கு நான்கு முறை, குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும். லூவன் பல்கலைக்கழகத்தின் வால்டர் செர்மியுஸ் இந்தத் தரவைக் கொண்டு ஒவ்வொரு வார்டின் பணியையும் நாட்டு நிலையோடு ஒப்பிட்டு வரைபடமாக்கினார். அதற்கு விரல்ரேகை என்றே பெயர். அறுவைப் பிரிவு என்று ஒரே பெயர்ப்பலகை மாட்டிய இரண்டு வார்டுகளின் ரேகைகள் வெவ்வேறாக இருப்பதை அதில் பார்க்க முடியும். மருத்துவமனைகளுக்கான நிதி ஒதுக்கீட்டிலும் இத்தரவு பயன்பட்டது. 2000-களின் பிற்பகுதியில் இனங்கள் அயோவா வகைப்பாட்டை ஒட்டித் திருத்தப்பட்டன. எல்லாவற்றையும் எழுது என்று சொல்லாமல் கொஞ்சத்தை எழுது, எல்லோரும் எழுது என்று சொன்னதுதான் பெல்ஜிய முறை நிலைத்ததற்குக் காரணம் என்று கருதலாம்.

பட்டியல்களுக்கு ஒரு பட்டியல்

1980-களின் பிற்பகுதியில் செவிலிய நோயறிதல்களைப் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் சேர்க்க அமெரிக்கச் செவிலியர் முயன்றனர். அது ஏற்கப்படவில்லை, ஒரு நாட்டின் பட்டியல் உலகத்துக்குப் போதாது. இதைத் தொடர்ந்து 1989-இல் சியோலில் கூடிய பன்னாட்டுச் செவிலியர் பேரவை, எல்லா நாடுகளுக்கும் பொதுவான செவிலியப் பணி வகைப்பாடு ஒன்றை உருவாக்கத் தீர்மானித்தது. அதன் முதல் சோதனை வடிவம் 1996-இலும் முழுமையான முதல் பதிப்பு 2005-இலும் வெளிவந்தன. இதற்குள் சொற்களைக் கணினி தானே ஒப்பிடும்படி கட்டமைப்பதற்கான பன்னாட்டுத் தரமும் 2003-இல் வந்திருந்தது.

ஒரே பொருளுக்குப் பல சொற்களும், ஒரே குறிக்குப் பல பொருள்களும் இருப்பதில் உயிராபத்தும் உண்டு. இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்பதற்குச் சுருக்கமாக இடப்படும் ஆங்கில ‘யு’ எழுத்து, அவசரக் கையெழுத்தில் சுழியம்போலத் தெரிந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் 2004-இல் வெளியிட்ட ‘பயன்படுத்தக் கூடாதவை’ பட்டியலில் இந்த எழுத்தும் உண்டு. படுக்கைப்புண்ணுக்கு ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. 2016-இல் அமெரிக்க வல்லுநர் குழு ‘அழுத்தக் காயம்’ என்று ஐந்தாவதையும் சேர்த்தது. மனிதர் புரிந்துகொள்வார், பெயர்களைத் தேடிக் கூட்டும் கணினி ஐந்து வெவ்வேறு சிக்கல்கள் என்றே எண்ணும்.

இதற்கான வழி, சொல்லை விட்டுவிட்டுக் கருத்துக்கு எண் தருவது. அமெரிக்க, பிரிட்டானியத் தொகுதிகளை இணைத்து 2002-இல் வந்த ‘ஸ்னோமெட் சிடி’ அப்படிப்பட்டது. எல்லா மருத்துவத் துறைகளுக்கும் பொதுவான அதில் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண்; எத்தனை பெயர்களையும் அதனோடு இணைக்கலாம். மருத்துவமனை உள்ளே எந்தச் செவிலியத் தொகுதியைப் பயன்படுத்தினாலும், வெளியே தகவல் அனுப்பும்போது ஸ்னோமெட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2015-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் பரிந்துரைத்தது. 2021 முதல், பன்னாட்டுச் செவிலியர் பேரவையின் வகைப்பாட்டைப் பராமரித்து வெளியிடும் பொறுப்பும் ஸ்னோமெட் அமைப்பிடம் போனது; உரிமை மட்டும் பேரவையிடமே இருக்கிறது. செவிலியருக்கென்று தனிச்சொற்கள் வேண்டும் என்று செயின்ட் லூயிஸில் கூடியவர்களின் வழிவந்தவர்கள், அரை நூற்றாண்டுக்குப் பின் பொதுத் தொகுதியின் ஒரு பகுதியாவதை ஏற்றனர். பெயர்கள் முதலில் தனியாக உருவாகாமல் இருந்திருந்தால் அந்தப் பொதுத் தொகுதியில் சேர்ப்பதற்கு ஒன்றும் இருந்திராது.

இந்தியா 2014-இல் அந்த அமைப்பில் உறுப்பினரானது. அதனால் நாட்டுக்குள் ஸ்னோமெட்டைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. புணேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் மின்னணு நலப்பதிவேட்டுத் தரங்களுக்கான தேசிய வள மையம் அதை வழங்குகிறது. 2013-இல் வெளியாகி 2016-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின்னணு நலப்பதிவேட்டுத் தரங்களும் அதையே குறிக்கின்றன. எண்ணுக்குப் பின்னால் வரும் பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம் என்பதால், தமிழ்நாட்டுச் செவிலியர் எழுதும் ‘படுக்கைப்புண்’, பாடநூல் எழுதும் ‘அழுத்தப்புண்’, வார்டில் எல்லோரும் சொல்லும் ‘பெட்சோர்’ மூன்றையும் ஒரே எண்ணின் கீழ் வைக்க அம்முறையில் இடம் இருக்கிறது.